ஒடுக்கு எடுக்காத வண்டி

புளியந்தாவளத்தில் எவருக்கும் எலும்பு முறியாமல் இருந்த அந்த வருஷங்களில், கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு மனிதனைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். மலைப்பாதை வந்து சமவெளியில் கால் வைக்கிற இடத்தில் இருந்தது அந்த ஊர். மேலேயிருந்து வாழைத்தாரும் காப்பிக்கொட்டையும் ஏற்றிவரும் லாரிகள் பிரேக் கருகும் நாற்றத்தோடு ஊருக்குள் நுழையும். பைக்கில் போகிறவர்கள் வளைவுகளில் சறுக்கி விழுவார்கள். ஆட்டோக்கள் புளியமரங்களில் போய் மோதும். விழுந்தவர்கள் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் பார்ப்பார்கள். அவர்கள் மேல் விழ வேண்டிய அடி, சவேரியார் கோயில் தெருவில் இருதயமேரி வீட்டு வாசலில் நின்ற பழைய மோரிஸ் மைனர் காரின் மேல் விழுந்திருக்கும். தகரம் உள்வாங்கும் சத்தம் ஒன்று கேட்கும். ஒரு ஒடுக்கு கூடியிருக்கும். அவ்வளவுதான்.

அந்தக் காரை வாங்கியவர் இருதயமேரியின் கணவர் தனிஸ்லாஸ். எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், ஊரைவிட்டுப் போன ஒரு மேனேஜரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு வந்தார். அடியில் பச்சை என்று ஆர்.சி. புத்தகம் சொன்னாலும் வெயில் அதைத் தின்று பாசி காய்ந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. சீட்டுத் தோல் வெடித்துத் தேங்காய்நார் வெளியே எட்டிப் பார்த்தது. மேற்கூரைத் துணி தொங்கியது. புதுப் பெயிண்ட் அடிக்கலாமே என்று யாராவது சொன்னால், "அடிக்கலாம்தான், அப்புறம் அது வேற வண்டி, நான் எதுக்கு வேற வண்டிய வீட்டு முன்னாடி நிறுத்தணும்" என்பார் தனிஸ்லாஸ். இன்ஜினையும் பிரேக்கையும் பழுது பார்ப்பாரே தவிர, வெளித்தோலில் கை வைக்கவிட மாட்டார். மனைவிக்கு அதிலேதான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் உட்கார, அணைக்கட்டு வரை போய்த் திரும்புவார்கள். பிள்ளைகள் இல்லை.

ஒருமுறை காரின் பேட்டரி இறங்கிப்போனதால் மலைமேல் ஒரு கல்யாணத்துக்கு ஸ்கூட்டரில் போனார் தனிஸ்லாஸ். வளைவில் ஸ்கூட்டர் கவிழ்ந்து அங்கேயே இறந்துபோனார். அதற்கடுத்த மழைக்காலத்தில்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது.

அரசு பஸ் டிரைவர் வெள்ளைச்சாமி, நிறைந்த பஸ்ஸோடு இறங்கிவந்தவர், குறுக்கே வந்த மாட்டுக்கு ஒடித்து ஓடைப்பாலத்துச் சுவரில் இடித்தார். ஸ்டியரிங் அவர் நெஞ்சில் வந்து முட்டியதைப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வெள்ளைச்சாமியோ தும்மல் வந்து போனதுபோல ஒரு கணம் கண்ணைச் சுருக்கிவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, மாட்டுக்காரனைத் திட்டத் தொடங்கினார். அதே நேரத்தில் சவேரியார் கோயில் தெருவில் மோரிஸ் மைனரின் பானெட் சத்தத்தோடு உள்ளே போனது. போன இடத்தில் ஸ்டியரிங் வளையம் ஒன்று, நடுக்கம்பி உட்பட, அச்சு வார்த்ததுபோல் பதிந்திருந்தது. பார்த்தவர்கள் வெள்ளைச்சாமியைக் கூட்டிவந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சையும் பானெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெள்ளைச்சாமி தன் ஒடுக்கைக் கையால் தடவினார். "ஆமா, இது எனக்குள்ளதுதான்" என்றார். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. எலும்பு கட்டுகிற வைத்தியர் பச்சிலையையும் மூங்கில் பத்தையையும் பரணில் ஏற்றிவிட்டு அதே இடத்தில் கரும்புச்சாறு மெஷின் போட்டார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறை பழைய நாற்காலிகள் அடைக்கும் அறையானது. மகன் வீட்டுக்கு வரத் தாமதமானால் தாய்மார்கள் போன் பேசிப் பார்க்காமல் நேரே சவேரியார் கோயில் தெருவுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்கள். புதிய ஒடுக்கு இல்லையென்றால், "எங்கயோ ஊர் சுத்துறான், வரட்டும் பேசிக்கிறேன்" என்று திரும்பினார்கள். மாப்பிள்ளை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து அவனுடைய ஒடுக்கைக் காட்டினார்கள். ஆழமாக இருந்தால் கெட்டி ஆயுசு. ஒவ்வொரு ஒடுக்குக்கும் ஆள் உண்டு, பேர் உண்டு. ஆயுதபூஜைக்கு அவரவர் ஒடுக்கில் அவரவர் சந்தனம் வைத்தார்கள், கிறிஸ்தவர்கள் மெழுகுவத்தி ஏற்றினார்கள், ரம்ஜானுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி பானெட் மேல் வந்து உட்கார்ந்தது. வெயில் படாமல் தகரக் கொட்டகை போட்டார்கள். வண்டி அசைந்துவிடக் கூடாதென்று நான்கு சக்கரத்துக்கும் கருங்கல் அண்டை கொடுத்தார்கள். கதவைத் திறந்து மூடினால் அதிருமே என்று பயந்து, கைப்பிடியைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டினார்கள்.

கட்டிய பிறகு இருதயமேரியால் அந்தக் காருக்குள் உட்கார முடியவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கே லேப் அக்கா. அந்த ஊரில் அவள் ஊசி குத்தாத விரல் குறைவு. கணவர் இருந்தவரை சாயங்காலங்களில் காருக்குள் உட்கார்ந்து இருவரும் ரேடியோ கேட்பார்கள். போன பிறகும் அவள் மட்டும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அவள் கோலப்பொடியோடு வந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். "அக்கா, ராத்திரி வண்டி மேல பூனை ஏறாம பாத்துக்கங்க" என்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை இன்ஜினை ஓடவிட அனுமதி இருந்தது. அதற்கும் வெள்ளைச்சாமி வந்து துணியை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது வாசலில் வழக்கமான கூட்டம் இருந்தது, சந்தனம் மணத்தது, உள்ளே தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. அவளும் கூப்பிடவில்லை. ஜன்னல் வழியே அவர்களுடைய பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

இப்படி இருக்கும்போது நகராட்சி ஆட்கள் வந்து காரின் முன்கண்ணாடியில் ஒரு நோட்டீஸை ஒட்டினார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பொதுத் தெருவில் நிற்கும் பழைய வாகனங்களை அப்புறப்படுத்தி உடைக்க அனுப்பப்போவதாக அதில் இருந்தது. ஒட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான், ஒருவர் தன் ஒடுக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே ஒட்டினார். "மேலருந்து உத்தரவு அக்கா, எல்லா வண்டிக்கும்தான். நீங்க ஒரு இன்சூரன்ஸ் போட்டுட்டீங்கன்னா தீந்துச்சு."

உண்மையில் அந்தக் காருக்கு ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் இருந்தது. தனிஸ்லாஸின் சிநேகிதர் ஒருவர் வருஷாவருஷம் காரைப் பார்க்காமலே புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் இறந்த பிறகு அது அப்படியே விட்டுப்போயிற்று.

இருதயமேரி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திண்டுக்கல்லில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் வண்டியின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த லிஸ்ட்ல இப்படி ஒரு வண்டியே இல்ல. இது கார்தானா?" என்று கேட்டாள். இன்னோர் ஆபீஸில் வண்டி பிறந்த வருஷத்தைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ள மறுத்தது. மதுரையில் ஏ.சி. அறையில் இருந்த ஒரு மேனேஜர் மட்டும் ஆர்வமாக நிமிர்ந்து, பழைய கார்களுக்கென்றே தனிப் பாலிசி உண்டு என்றார். போட்டோவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ரெஸ்டோர் பண்ணலையாம்மா?"

"இல்லீங்க."

"பண்ணுங்க. ஒடுக்கெல்லாம் எடுத்து, பெயிண்ட் அடிச்சு, சீட்டு மாத்தி, ஷோவுல நிறுத்துற மாதிரி கொண்டாங்க. நல்ல தொகைக்கே போட்டுத் தர்றேன்."

"பழசா இருக்கணும்னுதானே சார் அந்தப் பாலிசி?"

"பழசா இருக்கணும்மா. ஆனா புதுசாத் தெரியணும்."

அவள் திரும்பி வந்து இதைச் சொன்னபோது ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஒடுக்கை எடுத்தால் என்ன ஆகும் என்று எவருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாது, வந்தது வந்ததோடு போயிற்று என்றார்கள் சிலர். அப்படியானால் உன்னுடையதை முதலில் எடு என்றதும் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில், சவேரியார் கோயில் தெருவிலேயே ரவிக்கை தைக்கிற முத்துப்பேச்சி எழுந்தாள். கட்டியவன் திருப்பூருக்குப் போய்ப் பல வருஷமாகத் திரும்பாத, தனியாக இருக்கிற பெண். ஆட்டோக் கதவில் விரல் நசுங்க இருந்ததற்கு அவள் பேரில் பின் மட்காடு ஓரம் புளியங்கொட்டை அளவில் ஓர் ஒடுக்கு இருந்தது.

"என்னுதுதான் எல்லாத்துலயும் சின்னது. எடுத்துப் பாருங்க. விரல்தானே."

டிங்கர் வேலைக்காரர் உள்பக்கமாகக் கைவிட்டு, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். தகரம் பூப்போல வெளியே எழும்பியது. அதே கணத்தில் தெருவின் அந்தக் கோடியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி வீறிட்டாள். அவள் வலது ஆள்காட்டி விரல் இரண்டாக முறிந்து, நகம் கறுத்து, பல வருஷங்களுக்கு முன் வந்திருக்க வேண்டிய வலி அப்போது வந்தது. கரும்புச்சாறு மெஷினை நிறுத்திவிட்டு வைத்தியர் பரணில் ஏறினார். பச்சிலை எது, எருக்கு எது என்று அவருக்கே குழம்பிப்போயிருந்தது. கடைசியில் இருதயமேரிதான் அட்டையை மடித்து வைத்து விரலைக் கட்டினாள். கட்டும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு முத்துப்பேச்சியின் கடையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் இருதயமேரி அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனாள். மெஷின் சத்தம் இல்லாத அந்தக் கடையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இனி அந்த வண்டியில் ஒருவர் கை வைக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது. ஒடுக்கு எடுக்கவும் கூடாது, உடைக்கப் போகவும் கூடாது. எனவே இருக்கிறபடியே இன்சூரன்ஸ் வேண்டும். அவள் மறுபடி மறுபடி ஆபீஸ்களின் படி ஏறினாள். ஏதோ ஓர் ஆபீஸில் அவளுடைய பொறுமைக்கு இரங்கி, நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று ஒரு சர்வேயரை அனுப்பினார்கள்.

சர்வேயர் இதாயத்துல்லா மெலிந்த, நரைத்த தாடி வைத்த மனிதர். தன் வேலைக்காலம் முழுவதும் நொறுங்கிய வண்டிகளையும் அவற்றுக்குப் பக்கத்தில் கிடந்த செருப்புகளையும் பார்த்தவர். அவர் வருவது தெரிந்து ஊரே வாசலில் நின்றது. எந்த ஒடுக்கை அவர் தொட்டாலும் ஓர் ஆள் முன்னால் வந்தார்.

"இது எம் முழங்கால் சார். லாரி சக்கரம்."

"இது எங்க வீட்டுக்காரரோட மண்டை. அவரு டூட்டிக்குப் போயிருக்காரு, நான் அவரு சம்சாரம்."

"பானெட்டு என்னுது" என்றார் வெள்ளைச்சாமி, கொஞ்சம் பெருமையாக.

இதாயத்துல்லா எல்லோருக்கும் தலையாட்டினார். சுற்றி வந்தவர், இடது முன்கதவுக்குப் பக்கத்தில் நின்றார். கதவின் நடுவில் ஒரு பெரிய ஒடுக்கு, ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் அமிழ்கிற அளவுக்கு இருந்தது. சந்தனம் இல்லை, மெழுகு இல்லை.

"இது யாரோடது?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. "அது பழசு சார், இதுக்கெல்லாம் முன்னாடியே உள்ளது. யாரோ இடிச்சிருப்பாங்க" என்றார்கள்.

மதியமாகி வெயில் ஏறியதும் கூட்டம் சோற்றுக்குக் கலைந்தது. இருதயமேரி சர்வேயருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல், "அந்தக் கதவு ஒடுக்கு இடிச்சதில்லம்மா. வெளிய பெயிண்ட்டு உரசலே இல்ல. மத்ததெல்லாம் எப்படியோ அதுவும் அப்படித்தான்" என்றார்.

அவள் அந்த ஒடுக்கில் படிந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். அப்புறம், பல வருஷமாகத் திறக்காத பாட்டிலின் மூடியைத் திருகுவதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குள்ளது சார். ஸ்கூட்டர்ல அவருக்குப் பின்னாடி நான்தான் உட்காந்திருந்தேன். நான் போய் பாறையில விழுந்தேன். எழுந்து சேலையைச் சரி பண்ணினேன். ஒரு கீறல் இல்ல. ஊருல எல்லாரும் கர்த்தர் காப்பாத்தினார்னு சொன்னாங்க, அப்புறம் மறந்துட்டாங்க. அடக்கம் முடிஞ்சு வந்து பாத்தா, கதவு இப்படி இருக்கு."

"அப்ப இதுதான் முதல்."

"ஆமா. எத்தனை பேரை எழுப்பி விட்டிருக்கு பாருங்க. வழில போற குடிகாரன வரைக்கும். அவரு இதைத் துடைச்சுத் துடைச்சு வச்சிருந்தாரு சார். அவருக்கு ஒரு இடம் இல்லாமப் போச்சா இந்த வண்டில? அவரு உட்கார்ற அந்தப் பக்கத்துக் கதவு இன்னும் சமமா அப்படியே இருக்கு, பாருங்க."

இதாயத்துல்லா வலது கதவைப் பார்த்தார். அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"டிங்கர்காரரு வந்தப்ப, என்னுதை எடுங்கன்னு சொல்லலாமான்னு நினைச்சேன்" என்றாள் அவள். "பேச்சி முந்திக்கிட்டா."

"அல்லா காப்பாத்தணும்" என்றார் அவர். தகரக் கொட்டகைக்கு மேல் காகம் நடக்கும் சத்தம் கேட்டது. "நான் இத்தனை வருஷம் ஆக்சிடெண்ட் பாக்கப் போறேம்மா. ஏன் இவரு, ஏன் அவரு இல்லைன்னு கேக்காத வீடு கிடையாது. எனக்குத் தெரிஞ்சு எவனும் அதுக்குப் பதில் வச்சிருக்கல." டம்ளரை அவளிடம் கொடுத்தார். "கம்பெனி இந்த வண்டிக்கு மதிப்புப் போடாது. இது என் கையில இல்ல. ஆனா தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுத் தரலாம். அது இருந்தா யாரும் வண்டியத் தூக்க முடியாது, ரோட்டுலயும் ஓட்டலாம். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க. அது மத்தவங்களுக்குத்தான். மத்தவங்களுக்கு அடிபட்டா கம்பெனி பாத்துக்கும். இந்த வண்டிக்கு என்ன ஆனாலும் ஒண்ணும் கிடைக்காது."

இருதயமேரிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சோற்றுக்குப் போனவர்கள் எச்சில் கையோடு எட்டிப் பார்த்தார்கள். லேப் அக்கா சிரித்து அவர்கள் யாரும் கேட்டதில்லை. "அதைத்தானே சார் இவ்வளவு நாளும் செஞ்சுக்கிட்டிருக்கு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. இதாயத்துல்லாவும் தாடிக்குள் சிரித்தார்.

பாலிசி வந்தது. நகராட்சி ஆட்கள் நோட்டீஸைத் தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்தார்கள். தெருவில் சர்க்கரைப் பொங்கல் பொங்கினார்கள். பொங்கல் கை மாறிக்கொண்டிருந்தபோது இருதயமேரி வாசலுக்கு வந்து, "நாளைக்குக் காலையில வண்டிய எடுக்கப்போறேன்" என்றாள்.

"எங்க அக்கா?"

"மேல. அவரு விழுந்த இடத்துக்கு. அன்னைக்கு இறங்கி வந்ததுதான், அப்புறம் நான் போகவே இல்ல. பாக்கணும்."

வாழையிலைத் துண்டுகள் அப்படியே நின்றன. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மலைப்பாதையில் ஒரு கல் பெயர்ந்தால் என்ன ஆகும்? வண்டி பள்ளத்தில் உருண்டு, ஒடுக்கெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, எவன் மண்டை எவன் காலில் போய்ச் சேரும்? வேண்டுமானால் ஜீப் பிடித்துத் தருகிறோம், பஸ்ஸில் முன் சீட்டுப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். வெள்ளைச்சாமி இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"என் நெஞ்சு அதுல இருக்கு அக்கா."

"தெரியும் வெள்ளைச்சாமி."

"ரெண்டு பிள்ளைக இருக்கு எனக்கு."

"தெரியும். ரெண்டுக்கும் பிறந்தன்னைக்கு ரத்தம் எடுத்துப் பாத்ததே நான்தானே." அவள் குரல் உயரவில்லை. "உங்க நெஞ்சு, அவரு மண்டை, இவ முழங்கால் எல்லாத்துக்கும் நான் காவலிருந்துட்டேன். இனிமே எவ்வளவு காலம் நான் இந்த வாசல்லயே நிக்கணும்? நீங்களே சொல்லுங்க. நீங்க டிரைவரு."

வெள்ளைச்சாமி நெஞ்சில் வைத்த கைகளை எடுக்காமலே வீட்டுக்கு நடந்தார். ஆனால் மறுநாள் விடிந்தபோது அவர்தான் வந்தார். காருக்கடியில் படுத்துப் பிரேக் குழாய்களைப் பார்த்தார், ஆயில் விட்டார், பெடலை மிதித்து மிதித்துத் திருப்தியானார். சிவப்புத் துணியை அவிழ்த்தார். கடைசியாக ஒவ்வொரு சக்கரத்தடியிலிருந்தும் கருங்கல்லைப் புரட்டி ஓரத்தில் போட்டார். "நிக்கிற வண்டி செத்துப்போயிரும்" என்றார், எவரிடமோ சண்டை போடுகிற மாதிரி. பிறகு அவளைப் பார்க்காமல் தன் வீட்டுக்கு நடந்துபோய், சட்டையைக் கழற்றி, கட்டிலில் மல்லாந்து படுத்து, மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அவர் படுத்துவிட்டார் என்ற செய்தி காரைவிட வேகமாக ஊரைச் சுற்றி வந்தது. கார் ஊரெல்லையைத் தாண்டுவதற்குள் புளியந்தாவளம் படுத்துவிட்டது. கடைக்காரர்கள் கதவை இழுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். தங்கள் அடி திரும்பி வரும்போது விழுந்து இன்னோர் அடி படக் கூடாதென்று, முழங்கால்காரர்கள் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டார்கள், மண்டைக்காரர்கள் தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டார்கள். டீக்கடையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கரும்புச்சாற்று வைத்தியரும் படுத்திருந்தார், பச்சிலையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு. ஜன்னல்களைத் திறந்து வைத்து, மலையிலிருந்து வருகிற ஹார்ன் சத்தத்தைக் கேட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிக்கவும் என்று பலகை சொன்னபடியே அவள் அடித்துக்கொண்டு போனாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சன்னமாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஊர் மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இருதயமேரி மெதுவாகத்தான் ஓட்டினாள். ஜன்னல் வழியே காற்று சில்லென்று வந்தது. ரேடியோ கரகரத்தது. அந்த இடத்துக்குப் போனதும் என்ன சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். வளைவுகளை எண்ணவில்லை, பார்த்தால் தெரியும் என்று நினைத்தாள்: பெரிய பாறை, அதன் மேல் யாரோ எழுதிய விளம்பரம், ஒரு சில்வர் ஓக் மரம். வெகுதூரம் போன பிறகும் அந்தப் பாறை வரவில்லை. மலைவாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வண்டியை நிறுத்திக் கேட்டாள்.

"அந்த வளைவா? அதை எடுத்துட்டாங்களே" என்றாள் அவள், பழத்துக்கு மேல் ஈயை விரட்டிக்கொண்டு. "ரோட்டை அகலமாக்குறோம்னு பாறைய வெடி வச்சு நேரா இழுத்துட்டாங்க. நீங்க அதைத் தாண்டி வந்திருப்பீங்க. பழைய ரோட்டுத் துண்டு மட்டும் கீழ கிடக்கு."

இருதயமேரி திரும்பி வந்து அந்தத் துண்டைக் கண்டுபிடித்தாள். உண்ணிச்செடி மூடிய பத்தடித் தார். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, எங்கிருந்தும் வராமல் எங்கேயும் போகாமல் கிடந்தது. பாறை இல்லை, மரம் இல்லை. பாறை இருந்த இடத்தில் ஆகாயம் இருந்தது. ஒரு குரங்கு பிளாஸ்டிக் பையைக் கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அந்தக் காற்றில் நிற்கும்போல் தெரியவில்லை. அவள் காரின் இடப்பக்கம் போய், கதவு ஒடுக்கில் ஒருக்களித்துச் சாய்ந்தாள். தோள் தோளுக்கு வந்து பொருந்தியது, இடுப்பு இடுப்புக்கு. அப்படியே சாய்ந்து அழுதாள். அழுது முடித்ததும் வெயில் முகத்தில் பட்டது. குளிருக்கு அது நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாகவும், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"இருக்கட்டும்" என்று கதவில் தட்டிச் சொன்னாள். "இருந்துட்டுப் போகட்டும்."

சாயங்கால வெயிலில் அவள் ஊருக்குள் இறங்கியபோது தெருவில் ஒரு ஆள் இல்லை. வழியிலெல்லாம் நாய்கள் நின்று பார்த்தன. இன்னும் இருட்டவில்லை என்பதால் அடி இன்னும் வரலாம் என்று எல்லோரும் படுத்தே இருந்தார்கள். வண்டி திரும்பிய சத்தம் கேட்டும், யாரும் முதலில் எழுந்து பார்க்கத் துணியவில்லை. சவேரியார் கோயில் தெருவில் முத்துப்பேச்சி மட்டும் தன் கடைப்படியில் உட்கார்ந்து, கோணலாகக் கூடிய விரலால் ஒரு ரவிக்கையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

இருதயமேரி பிரேக்கை மிதித்தாள். அந்தக் கடை முன்னால் நின்று வெகுகாலம் ஆயிற்று.

"நீ படுக்கலையா பேச்சி?"

"எனக்குத்தான் வந்து போயிருச்சே அக்கா. இனி எதுக்குப் படுக்கணும்." முத்துப்பேச்சி நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். "மேல குளிரா இருந்துச்சா?"

"குளிருதான். அந்த வளைவையே எடுத்துட்டாங்க பேச்சி. இடமே இல்ல."

முத்துப்பேச்சி ரவிக்கையை மடியில் வைத்தாள். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "அப்ப எங்க நின்னீங்க?" என்று கேட்டாள்.

"கீழ ஒரு துண்டு ரோடு கிடக்கு. அதுல நின்னேன்." இருதயமேரி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "உன் விரலு..." என்று தொடங்கினாள்.

"மழைக்கு வலிக்கும். மத்தபடி ஊசி புடிக்குது. நீங்க எதுக்கு அதுக்குப் போய் அடுத்த தெரு வழியா சுத்துறீங்க? எனக்குத்தான் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமப் போச்சு." அவள் எழுந்து சேலையை உதறினாள். "காலையிலருந்து ஒரு டீ குடிக்கல. ஒரு கடை திறக்கல இந்த ஊருல."

"ஏறு" என்றாள் இருதயமேரி.

முத்துப்பேச்சி கடையைப் பூட்டவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, தலைக்கு மேல் தொங்கிய துணியை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, இதை நாளைக்குத் தைத்துக் கொடுக்கிறேன் என்றாள். படுத்திருந்த ஊரின் வழியாக வண்டி ஊர்ந்துபோய், பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, அணைக்கட்டுத் திருப்பத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறியது. டீக்கடை திறந்திருக்கிற ஓர் ஊர் வருகிறவரை போனார்கள்.